தூதர் பதவி என்னும் சலவைக்கடை

சித்தார்த்த சங்கர் ராய் யார் என்று தமிழ்நாட்டில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பத்தாவது ஆள், "வங்காள நடிகரா?" என்பார். ஆனால் 'மிசா' என்றால் எல்லோருக்கும் தெரியும். யார் யார் மிசாவில் உள்ளே போனார்கள், சென்னை மத்திய சிறையில் அடி வாங்கிய சிட்டிபாபு எப்படிச் செத்தார் என்பதெல்லாம் இன்றைக்கும் மேடைக்கு மேடை பேசப்படுகிறது. அந்த நெருக்கடி நிலைக்கு அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பிரிவைத் தேடி எடுத்துக் கொடுத்த கை யாருடையது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. அது ராயின் கை.

2010 நவம்பர் 6ஆம் தேதி, தொண்ணூறு வயதில் அவர் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எங்கே படித்தாலும் ஒரு வரிசை வரும். தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் மகள் வயிற்றுப் பேரன், லண்டனில் படித்த பாரிஸ்டர், கிரிக்கெட் பிரியர், மத்திய அமைச்சர், மேற்கு வங்க முதலமைச்சர், பஞ்சாப் ஆளுநர், கடைசியாக அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர். படிப்பதற்கு ஏணி மாதிரி இருக்கும். உண்மையில் அது ஏணி இல்லை, மாற்றல் உத்தரவுகளின் கோப்பு. ஓர் இடத்தில் நடந்ததற்குக் கேள்வி எழும் நேரத்தில் ஆள் வேறோர் இடத்தில் இருப்பார். கடைசி இடம் வாஷிங்டன், அதுவும் வெள்ளைச் சட்டையோடு.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 1957இல் பவானிப்பூர் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்து, பிதான் சந்திர ராய் அமைச்சரவையில் இளம் அமைச்சரானார். மறுவருடமே, சொந்த அரசாங்கத்தில் ஊழல் என்று சொல்லிவிட்டுப் பதவியைத் தூக்கி எறிந்தார். எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார். அதே தொகுதியில் சுயேச்சையாக நின்று, இடதுசாரிகள் ஆதரவோடு திரும்ப ஜெயித்தார். முப்பத்தெட்டு வயதைக்கூட எட்டாத ஒரு மந்திரி, பிதான் ராய் போன்ற மலையை எதிர்த்துக்கொண்டு வெளியே வந்தது சாதாரண விஷயம் கிடையாது. ராஜினாமா என்றால் என்ன, அதை எப்போது செய்ய வேண்டும் என்பது தெரிந்த மனிதர் அவர் என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த இருபது வருடங்களை அந்த அளவுகோலால்தானே அளக்க வேண்டும்?

பிறகு காங்கிரசுக்கே திரும்பினார். 1971இல் இந்திராவின் அமைச்சரவையில் கல்வி மந்திரி. கூடவே மேற்கு வங்க விவகாரங்களும் அவர் பொறுப்பு. மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி. ஒரு பக்கம் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வெள்ளம், இன்னொரு பக்கம் நக்சலைட்டுகள். அந்த ஆகஸ்டில்தான் காசிப்பூர்-பராநகர் படுகொலை. கல்கத்தாவின் வடக்கு ஓரத்தில் இரண்டு நாட்கள் வீடு வீடாகத் தேடி, நக்சலைட்டுகள் என்று சந்தேகப்பட்ட இளைஞர்களைக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இல்லை. செத்தவர்களை எண்ணக்கூட ஆள் இல்லாத ஊராகக் கல்கத்தா இருந்தது என்பதே போதும்.

1972 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு 216 இடங்கள், மார்க்சிஸ்ட் கட்சிக்கு 14. வாக்குச் சாவடிகளைக் கைப்பற்றித்தான் ஜெயித்தார்கள் என்று சொல்லி மார்க்சிஸ்டுகள் அந்தச் சட்டமன்றத்தையே புறக்கணித்தார்கள். ராய் முதலமைச்சரானார். ஜூலையில் சாரு மஜூம்தார் பிடிபட்டு, பன்னிரண்டாவது நாள் போலீஸ் காவலிலேயே இறந்தார். நக்சல் இயக்கம் முடிந்தது என்றார்கள். கல்கத்தாவின் மத்தியதர வர்க்கம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது, அதையும் மறைக்க வேண்டாம். பஸ்ஸில் போனால் திரும்பி வருவோமா என்றிருந்த ஊரில் அமைதி வந்தது. மெட்ரோ ரயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அந்த வருடக் கடைசியில்தான். ராயின் ஆதரவாளர்கள் இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது இந்த அமைதியைத்தான்.

எப்படி வந்த அமைதி? ஒரே ஓர் உதாரணம். 1974இல் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தேடி வந்தது அவரை அல்ல, அவர் தம்பியை. கல்கத்தா போலீஸ் தலைமையகமான லால்பஜாரில் வைத்துச் செய்த சித்திரவதையில் அவருக்கு நடக்க முடியாமல் போனது. டென்மார்க் வரை போய் வைத்தியம் செய்துகொண்டுதான் எழுந்து நின்றார். அந்த வழக்கு எப்போது முடிந்தது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். தேதிக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது.

இப்போது 1975. ஜூன் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் செல்லாது என்றது. 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராகத் தொடரலாம், எம்.பி.யாக ஓட்டுப் போட முடியாது. மறுநாள் காலை ராயைக் கூப்பிட்டு அனுப்பினார் இந்திரா. நாட்டுக்கு ஓர் அதிர்ச்சி வைத்தியம் தேவை என்று பிரதமர் சொன்னதாக ஷா கமிஷன் முன்னால் ராயே பிறகு சொன்னார். அரசியல் சட்டத்தைப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொண்டு போனவர், மாலையில் திரும்பி வந்து 352ஆவது பிரிவைக் காட்டினார். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற இரண்டு வார்த்தைகள் அதில் இருந்தன. 1971 யுத்தத்துக்காக அறிவித்த நெருக்கடி நிலை ஏற்கெனவே அமலில் இருக்க, அதன்மேல் இன்னொன்று! இருவருமாகக் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமதுவைப் போய்ப் பார்த்தார்கள். அமைச்சரவை கூடாமலே பிரதமர் தனியாகப் பரிந்துரைக்க ஒரு விதி இடம் கொடுக்கிறது என்பதும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிரவு கையெழுத்து ஆனது. அமைச்சரவைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினார்கள்.

அவசரத்தில் சொன்ன யோசனை, பிரதமர் கேட்டார், வக்கீல் சொன்னார், அவ்வளவுதானே என்று கேட்பவர்களுக்கு 1975 ஜனவரி 8ஆம் தேதி ராய் இந்திராவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஆர்.எஸ்.எஸ்., ஆனந்த மார்க்கக்காரர்களின் பட்டியலைத் தயாராக வைக்கச் சொல்லிக் காங்கிரஸ் முதலமைச்சர்களுக்கு ரகசியத் தகவல் போக வேண்டும், அவசரச் சட்டமும் தயாராக இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள யோசனை. அலகாபாத் தீர்ப்புக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னால்! இந்திராவைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை இருந்த வெகுசிலரில் ஒருவர் எழுதிய கடிதம் அது. அந்த உரிமையை என்னத்துக்குப் பயன்படுத்தினார் பாருங்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்றிரவு உயர் நீதிமன்றங்களைப் பூட்டவும் பத்திரிகை அலுவலகங்களின் மின்சாரத்தை வெட்டவும் உத்தரவு போகிறது என்று தெரிந்ததும் ராய் எதிர்த்தார், இந்திராவிடம் சொல்ல வேண்டும் என்று அங்கேயே காத்திருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. நீதிமன்றங்கள் பூட்டப்படவில்லை. மின்சாரம் வெட்டப்பட்டது. ராய் என்ன செய்தார்? கல்கத்தாவுக்குத் திரும்பி அந்த நெருக்கடி நிலையை ஒழுங்காக நடத்தினார். கௌர்கிஷோர் கோஷ் என்ற பத்திரிகையாளர், சுதந்திரம் செத்துப்போனதற்குத் துக்கமாகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு எழுதினார். அவரை மிசாவில் உள்ளே வைத்தது ராயின் அரசாங்கம். பருண் சென்குப்தாவும் ஜெயிலுக்குப் போனார். நாடு முழுக்க மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளே போனவர்கள் 1,10,806 பேர் என்பது ஷா கமிஷன் தந்த எண்ணிக்கை. 1958இல் ஊழலுக்காக ராஜினாமா செய்தவருக்கு 1975இல் அந்த வார்த்தை மறந்துபோனது.

வக்கீல் என்றால் கட்சிக்காரர் கேட்டதைச் செய்ய வேண்டியதுதானே என்ற வாதம் அடிக்கடி வரும். அதற்குப் பதில் சொல்ல வேறொரு வக்கீல் இருக்கிறார். பி.காம். படிப்பவர்களுக்கு அவர் வருமான வரிப் புத்தகத்தின் ஆசிரியர், பட்ஜெட்டை விளக்கி ஸ்டேடியத்தை நிரப்பியவர். நானி பால்கிவாலா. கிருஷ்ணய்யர் முன்னால் இந்திராவுக்காக வாதாடி அந்த நிபந்தனைத் தடையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். நெருக்கடி நிலை அறிவிப்பு வந்ததும் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே கட்சிக்காரர், அதே வாரம், அதே தொழில். ஒருவர் கட்டைத் திருப்பிக் கொடுத்தார், இன்னொருவர் பிரிவைத் தேடிக் கொடுத்தார். இதில் வேடிக்கை, இரண்டு பேருமே பின்னாளில் வாஷிங்டனில் இந்தியத் தூதராக இருந்தவர்கள். பால்கிவாலா 1977இலிருந்து 1979 வரை. ராய் 1992இலிருந்து 1996 வரை. ஒரே நாற்காலி! இரண்டு பெயர்களையும் ஒரே பலகையில் ஒரே அளவு எழுத்தில் எழுதுவதுதான் நம் நாட்டுக் கணக்குப் பதிவு. வரவும் செலவும் ஒரே பக்கத்தில்.

ஷா கமிஷனில் ராய் சாட்சி சொன்னார். முடிவு இந்திராவுடையது என்றார். இருவருக்கும் உறவு முறிந்தது. 1977 தேர்தலில் இடது முன்னணி வந்து ஜோதி பாசு முதலமைச்சரானார். பாசுவும் லண்டனில் படித்த பாரிஸ்டர், ராயின் பழைய நண்பர். இடதுசாரிகள் ராயை வருடக்கணக்காகத் திட்டினார்கள், ஆனால் அந்த ஆசிரியையைச் சித்திரவதை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரிக்கு அவர்கள் ஆட்சியில்தான் பதவி உயர்வு கிடைத்தது. வழக்கு ஒரு பக்கம் வாய்தாவில் நகர, அவர் நட்சத்திரங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டே போனார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது வரும் கோபம் ஆட்சிக்கு வந்தால் ஃபைலுக்குள் போய்விடும் என்பது வங்காளத்துக்கு மட்டும் சொந்தமானதா என்ன.

எட்டு, ஒன்பது வருடங்கள் ராய் ஒதுங்கித்தான் இருந்தார். 1985இல் போல்பூர் இடைத்தேர்தலில் சோம்நாத் சாட்டர்ஜியிடம் தோற்றார். வாக்காளர் வேண்டாம் என்ற ஆளை மேலிடம் கைவிடுமா? 1986 ஏப்ரலில் ராஜீவ் காந்தி அவரைப் பஞ்சாப் ஆளுநராக்கினார். அடுத்த வருடம் மே மாதம் பர்னாலா அரசைக் கலைத்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததும் மாநிலத்தின் முழு நிர்வாகமும் அவர் கைக்கு வந்தது. கலவர வங்காளத்தை அடக்கியவர், பஞ்சாபையும் அடக்குவார் என்பதுதான் அந்த நியமனத்தின் தர்க்கம். அதாவது 1971-72ஐ ஒரு குற்றச்சாட்டாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அனுபவச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சட்டத் திருத்தத்தைக் கவனிக்க வேண்டும், யாரும் கவனிப்பதில்லை. 1978இல் ஜனதா அரசு கொண்டுவந்த 44ஆவது திருத்தம், 1975இல் ராய் காட்டிய ஓட்டைகளைத்தான் அடைத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்பதை எடுத்துவிட்டு 'ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி' என்று போட்டார்கள். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திடலாம் என்றும் சேர்த்தார்கள். ஒரு தனி மனிதரின் புத்திசாலித்தனத்தால் கெட்டுப்போன சட்டத்தை நாடாளுமன்றம் உட்கார்ந்து செப்பனிட்டது. பத்து வருடங்கள் கழித்து, 1988இல், 59ஆவது திருத்தம் வந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற அதே சொற்கள் திரும்ப உள்ளே வந்தன, ஒரே ஒரு மாநிலத்துக்கு மட்டும். எந்த மாநிலம்? பஞ்சாப். அங்கே ஆளுநர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி நிலை வந்தால் உயிர் வாழும் உரிமையையே நிறுத்தி வைக்கவும் அந்தத் திருத்தம் வழி வைத்தது. நல்லவேளையாக அது பயன்படுத்தப்படவில்லை, வி.பி. சிங் அரசு வந்ததும் 63ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது.

திருத்தம் பயன்படாவிட்டாலும் பஞ்சாபில் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பயங்கரவாதிகள் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிச் சுட்டது உண்மை. அதைச் சொல்லாமல் போலீசை மட்டும் குறை சொல்வது நேர்மை இல்லை. ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாத பையன்களின் கணக்கும் உண்மை. அம்ரித்சரைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா என்பவர் சுடுகாட்டுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். விறகு வாங்கிய கணக்கு உட்பட. 'உரிமை கோரப்படாத சடலம்' என்று போலீஸ் கொண்டுவந்து எரித்தவை அதில் வரிசை வரிசையாக இருந்தன. 1995 செப்டம்பரில் அவரையே வீட்டு வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. பத்து வருடங்கள் கழித்துப் போலீஸ்காரர்களுக்கே அந்தக் கொலையில் தண்டனை கிடைத்தது. சி.பி.ஐ. விசாரித்து, அம்ரித்சர் மாவட்டத்தின் மூன்று சுடுகாடுகளில் மட்டும் இப்படி எரிக்கப்பட்டவை 2,097 என்று உச்ச நீதிமன்றத்திடம் சொன்னது. 1984 முதல் 1994 வரையிலான பத்து வருடக் கணக்கு அது. ராய் ஆளுநராக இருந்த வருடங்கள் அதற்குள் அடக்கம். உச்சம் அவர் போன பிறகுதான். எல்லாப் பாவத்தையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம். அவருடைய பங்கு எவ்வளவு என்று எந்த விசாரணையும் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

கேட்கப்படவில்லை, ஏனென்றால் ஆள் வாஷிங்டனில் இருந்தார். 1992இல் நரசிம்ம ராவ் அவரைத் தூதராக அனுப்பினார். அந்தச் சமயத்தில் வாஷிங்டனில் இந்தியாவுக்கு இருந்த பெரிய தலைவலிகளில் ஒன்று என்ன தெரியுமா? மனித உரிமை. பஞ்சாபிலும் காஷ்மீரிலும் நடப்பதைச் சொல்லி, இந்தியாவுக்கான உதவியை வெட்ட வேண்டும் என்று டான் பர்ட்டன் என்ற எம்.பி. அமெரிக்கக் காங்கிரசில் வருடம் தவறாமல் தீர்மானம் கொண்டுவந்துகொண்டிருந்தார். 1993இல் ராபின் ரஃபேல் காஷ்மீர் இணைப்பையே கேள்வி கேட்டார். இந்தக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் பதில் சொல்ல இந்தியா நியமித்த ஆள் யார்? இரண்டரை வருடம் பஞ்சாபை நேரடியாக ஆண்ட மனிதர்!

தணிக்கைப் பாடத்தின் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். கணக்கு எழுதியவனே கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது. ஆயிரம் ரூபாய் முதலுள்ள பெட்டிக்கடைக்கு இருக்கும் இந்த விதி, இந்தியக் குடியரசுக்கு இல்லாமல் போனது. பஞ்சாபைப் பற்றி அமெரிக்கர்கள் சொன்னதில் பாதி அரசியல் என்றே வைத்துக்கொள்வோம். பாகிஸ்தானுக்கு ஆயுதம் விற்ற கை மனித உரிமை பேசுவது கேலிக்கூத்துதான். அப்படியிருந்தால் இன்னும் சுத்தமான ஆளை அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? வீட்டில் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள் என்றால், சாவிக்கொத்து வைத்திருந்தவரையா சாட்சிக்கு அனுப்புவது?

அரசியல்வாதி தூதராவதே தப்பு என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஐ.எஃப்.எஸ். பரீட்சை எழுதியவர் மட்டும்தான் நாட்டைப் பற்றிப் பேசலாம் என்று எந்தச் சாஸ்திரமும் கிடையாது. தொழிற்சங்கக்காரரான வி.வி. கிரியை 1947இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளர் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த இடத்துக்குத் தொழிலாளரை அறிந்த ஆள் என்பதில் ஓர் அர்த்தம் இருந்தது (1948இல் அவர்கள் குடியுரிமை பறிபோனதை அவரால் தடுக்க முடியவில்லை என்பது வேறு கதை). அமெரிக்காவே மைக் மான்ஸ்ஃபீல்டை, பதினாறு வருடம் செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தவரை, டோக்கியோவுக்கு அனுப்பி வைத்தது. வியட்நாம் யுத்தத்தில் தன் கட்சி அதிபரையே எதிர்த்தவர் அவர். இவர்களின் பழைய வாழ்க்கை புதிய வேலைக்கு முதலாக இருந்தது. ராயின் பழைய வாழ்க்கையை மறந்தால்தான் புதிய வேலை நடக்கும் என்ற நிலை.

மறக்க வைப்பது சுலபமாகவும் இருந்தது. ஆங்கிலம் அப்படி, கோட்டு அப்படி, சித்தரஞ்சன் தாஸ் ரத்தம் வேறு. படித்தவர், ஜென்டில்மேன், நல்ல குடும்பம் என்ற மூன்று முத்திரைகள் விழுந்துவிட்டால் இந்த நாட்டில் போலீஸ் காவலில் நடந்த சாவுகூட நிர்வாகத் திறமையாகிவிடும். லுங்கி கட்டிய உள்ளூர் ரவுடி ஒருத்தரை அடித்தால் அவர் பொறுக்கி. பாரிஸ்டர் ஒருவர் கோப்பில் கையெழுத்துப் போட்டு ஆயிரம் பேரை உள்ளே வைத்தால் அவர் ஸ்டேட்ஸ்மேன். 1994 மே மாதம் நரசிம்ம ராவ் அமெரிக்கக் காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் பேசியபோது, தாராளமயமான இந்தியாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்த விஜயம் தூதரின் காலத்துச் சாதனையாகப் பதிவானது. முதலீட்டாளர்களுக்கு இந்தியச் சந்தை பிடித்திருந்தது. சந்தைக்கு லால்பஜார் எதற்கு, தரண்தாரண் சுடுகாடு எதற்கு?

1996இல் ராய் தூதர் பதவியை முடித்துக்கொண்டார். அதே வருடத்தின் இறுதியில்தான் சி.பி.ஐ. அந்த 2,097 என்ற எண்ணை உச்ச நீதிமன்றத்தில் வைத்தது. அதே 1996இல்தான், 1974இல் லால்பஜாரில் நடந்ததற்காக அந்த ஆசிரியை 1977இல் தொடுத்த வழக்கில், போலீஸ் அதிகாரி குற்றவாளி என்று கல்கத்தா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்தொன்பது வருட வழக்கு. அதற்குள் அந்த அதிகாரியின் முதலமைச்சர் ஒரு மாநிலத்தில் தோற்று, இன்னொரு மாநிலத்தை ஆண்டு, வாஷிங்டன் வரை போய்த் திரும்பியிருந்தார். அந்த வழக்கில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.